பெஞ்சமின் பாக்கி வைத்த வேலை

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் இறங்கி, புல்லட் பெஞ்சமின் கடை எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்கவே வேண்டாம். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் இருபது முப்பது வண்டிகள் தடதடவென்று வந்து அங்கேதான் நிற்கும். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையுறை என்று சண்டைக்கு வந்தவர்கள் மாதிரி இறங்குகிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், பெஞ்சமின் முன்னால் மட்டும் டாக்டரிடம் ரிப்போர்ட் காட்ட வந்தவர்களாகி விடுவார்கள். "அண்ணா, சிக்னல்ல நின்னுடுதுண்ணா." "அண்ணா, அடியில எண்ணெய் சொட்டுதுண்ணா."

அவன் வண்டியை ஒரு தரம் சுற்றி வருவான். குத்தவைத்து உட்கார்ந்து எஞ்சினுக்கு அடியில் பார்ப்பான். மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டைப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பான்: "கண்ணகி, பவுடர் டப்பா!" அவள் முகத்துக்குப் போடுகிற பவுடர்தான். அதை எஞ்சின் மேல் தூவிப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினால், எந்த இடுக்கில் எண்ணெய் கசிகிறதோ அந்த இடத்தில் பவுடர் நனைந்து கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். "மாட்னான் பாரு திருடன்" என்பான். பிள்ளைகள் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

கண்ணகி என் தங்கை. பெஞ்சமின் அவள் புருஷன். என்னைவிட நாலு வயசு பெரியவன், அறுபதை நெருங்குகிறான். இருந்தும் எனக்கு அவன் இவன் என்றுதான் வாயில் வருகிறது. அதில் பாதி பாசம், பாதி பழைய கோபம். எது எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வெங்கடேசன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் இரண்டு வைத்திருக்கிறேன். எனக்கு மூக்கு மேல் கோபம் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவர்கள் நேரத்துக்கு வந்தால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்?

சரி, பெஞ்சமினுக்கு வருகிறேன். கார்பரேட்டர் வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதைப் பிரித்தால் உள்ளே ஜெட் என்று சின்னச் சின்னதாகப் பித்தளைத் திருகுகள் இருக்கும். அதில் தலைமயிர் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மற்றவர்கள் கம்பியை விட்டுக் குத்துவார்கள். இவன் கண்ணகி பூக்கட்டுகிற வாழைநாரில் ஓர் இழையைக் கிழித்து, எச்சில் தொட்டு முறுக்கி, அதை உள்ளே விட்டு இழுப்பான். "கம்பி வுட்டா ஓட்ட பெருசாயிடும் மச்சான். அப்பால ஆயுசுக்கும் பெட்ரோல் குடிச்சிகினே இருக்கும்." பூட்டியபிறகு காற்றுத் திருகை முழுசாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, வண்டியை உதைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். "இது ஓடியாந்தவன் மாதிரி இரைக்குது. தூங்கறவன் மூச்சு மாதிரி வரணும்." கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகிக்கொண்டே இருப்பான். நமக்கெல்லாம் ஒரே டப டப சத்தம்தான். அவனுக்கு மட்டும் எங்கேயோ வித்தியாசம் கேட்கும். கடைசியில் பிளக்கைக் கழற்றி முனையைக் காட்டுவான். பிஸ்கட் நிறத்தில் இருக்கும், பெட்ரோல் சரியாக எரிகிறது என்று அர்த்தம்.

இப்படி ஊர் வண்டியையெல்லாம் ஒழுகாமல் பண்ணியவன், ஒரே ஒரு வண்டியை மட்டும் ஒழுகவிட்டான். அது என் நைனாவின் வண்டி.

நைனா பேர் சுப்பிரமணி. செங்கல்பட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். நெல்லும் கத்திரிக்காயும் போட்டவர். 1974இல் எங்கள் ஊருக்குள் வந்த முதல் புல்லட் அவருடையது. அது தெருமுனையில் திரும்பும்போதே அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். நானும் கண்ணகியும் டேங்க் மேல் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் என்று அடித்துக்கொள்வோம். அந்த டேங்க்கின் சூடு இன்னும் என் தொடையில் இருக்கிறது. இப்போது ஏசி வேனில் போகிறேன், அந்தச் சுகம் வரவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

பெஞ்சமினின் அப்பா தேவசகாயம் எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவர்கள் காலனி, நாங்கள் ஊர். அவ்வளவு சொன்னால் போதும், மீதி உங்களுக்குத் தெரியும். பெஞ்சமின் ஏர் பிடிக்கப் போகவில்லை. பன்னிரண்டு வயசில் செங்கல்பட்டு ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் ஸ்பேனர் பிடித்தான். இருபத்து நாலில் அந்த ஷெட்டையே எடுத்து நடத்தினான். நைனாவுக்கு அவன் கைவேலை என்றால் உயிர். "தேவசகாயம் பையன் தொட்டா வண்டி பேசும்" என்று நாலு பேரிடம் சொல்வார். சொல்லிவிட்டு, அவன் கொடுக்கிற டீயைக் குடிக்காமல் வருவார்.

அந்த ஷெட்டுக்கு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். கண்ணகி அங்கே லோயர் பாஸ் பண்ணினாள், ஹையர் பாஸ் பண்ணினாள், அப்புறமும் போய்க்கொண்டே இருந்தாள். வீட்டில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பாஸ் பண்ணினவள் ஏன் இன்னும் போகிறாள் என்று நானாவது கேட்டிருக்கலாம். என் புத்தி அவ்வளவுதான்.

1991இல் அவளுக்கு மதுராந்தகம் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். பத்திரிகை அடித்தாயிற்று. ஊர் ஊராகப் போய் வைக்க வண்டி வேண்டும். வண்டியோ வலது பக்கம் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. நைனா அதை பெஞ்சமினிடம் விட்டார். விட்டதோடு நிற்காமல், கல்யாணப் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவன் கையிலும் கொடுத்தார். "கல்யாணத்துக்கு வந்துடு. வண்டி நாளைக்கு காலைல வேணும்."

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது ஷெட் பூட்டியிருந்தது. வண்டி இல்லை. டைப்ரைட்டிங்குக்குப் போகிறேன் என்று முதல் பஸ்ஸில் கிளம்பியவளும் மாடியில் இல்லை.  நைனா வாசலில் குனிந்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"என் வண்டி எண்ண. இன்னும் ஒழுவிகினுதான் கீது" என்றார். செருப்புக் காலால் அந்தக் கறையைப் போட்டுத் தேய்த்தார். மண்ணை இழுத்து மூடித் தேய்த்தார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

என் டிவிஎஸ் ஃபிப்டியில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சொட்டைப் பிடித்துக்கொண்டே போனோம். பத்தடிக்கு ஒரு சொட்டு, இருபதடிக்கு ஒரு சொட்டு. ரோடு பிரிகிற இடத்திலெல்லாம் நிறுத்தச் சொல்வார். இறங்குவார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்து பார்ப்பார். சொட்டு கிடைத்ததும் அதைச் செருப்பால் தேய்ப்பார். "வுடு நைனா, லேட்டாவுது" என்பேன். கேட்கமாட்டார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு பூக்கடை முன்னால் பெரிய கறையாக இருந்தது. ரொம்ப நேரம் நின்றிருக்கிறார்கள். பூக்காரம்மா எங்களைப் பார்த்து, "மஞ்சக் கயிறும் ரெண்டு மாலயும் வாங்கினாங்களே, அவங்களுக்கு வேண்டியவங்களா நீங்க?" என்று கேட்டாள். நைனா கறையைத் தேய்த்துவிட்டு வந்து ஏறிக்கொண்டார். 

பூஞ்சேரிக்கு முன்னால் ஒரு சவுக்குத் தோப்பு. அங்கேதான் வண்டி எண்ணெய் தீர்ந்து, எஞ்சின் இறுகி நின்றுபோயிருந்தது. பக்கத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணகி கழுத்தில் மாலை, மஞ்சள் கயிறு. பெஞ்சமின் எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓடவில்லை. அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நைனா வண்டியைத்தான் பார்த்தார். "வண்டிய குடு" என்றார். "வேலய முடிக்காம எடுத்துனு வந்துட்ட."

பெஞ்சமின் சாவியை நீட்டினான். கண்ணகி "நைனா" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவர் திரும்பவில்லை. சவுக்குக் கட்டை ஏற்றிப்போன ஒரு டெம்போவை நிறுத்தி, வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பினோம். வழியில் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார். "யார் கேட்டாலும் வண்டி செங்கல்பட்டு ஸ்டேஷன்ல நின்னுகினு இருந்துச்சின்னு சொல்லு. ரயிலேறிட்டாங்கன்னு சொல்லு." மானம் போகிறதே என்று சொல்கிறார் என்று நினைத்தேன். பெற்ற பெண்ணைக் கண்ணால் பார்த்தும் விட்டுவிட்டு வந்தான் என்று ஊர் காறித் துப்பாதா?

அன்று சாயங்காலமே பெரியப்பா மகன்கள் நாலு பேர் ஒரு காரில் கிளம்பினார்கள். சும்மா கிளம்பவில்லை. கையில் என்னென்ன இருந்தது என்று நான் பார்த்தேன், வேண்டாம் அது. அவர்களில் ஒருத்தன் கெட்டிக்காரன். "ஒழுவுற வண்டிதானே, சொட்டப் பாத்தே எந்தப் பக்கம்னு கண்டுபுடிச்சிடலாம்" என்றான். டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரோடு பிரிகிற இடத்தில் எல்லாம் தேடியும் ஒன்றும் புரியாமல், கடைசியில் ரயில் கதையை நம்பித் தாம்பரம் வரைக்கும் போய்விட்டு வந்தார்கள். "கர்த்தரு அவங்க கண்ணக் கட்டிட்டாரு மச்சான்" என்று பெஞ்சமின் பின்னாளில் என்னிடம் சொல்வான். நானும் இருக்கும் என்று தலையாட்டுவேன்.

அவன் அந்தச் சவுக்குத் தோப்பை விட்டு நகரவே இல்லை. பக்கத்திலேயே ஓலைக் கொட்டகை போட்டான். முதலில் மீன்கார சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினான். அப்புறம் மொபெட், அப்புறம் டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுகிற வண்டிகள், இப்போது சென்னைப் பிள்ளைகள். தளம் போட்ட வீடு, பெயர்ப் பலகை, கார்டு தேய்க்கிற மிஷின் எல்லாம் வந்தாயிற்று. ஒரு பெண், சிநேகா, நர்ஸ் படித்தாள். நான் மாதம் ஒருமுறை திருட்டுத்தனமாகப் போய்வருவேன். அண்ணன் வந்தால் கண்ணகி வஞ்சிரம் வறுப்பாள். சாப்பிட்டு முடித்து, கை கழுவும்போதுதான் கேட்பாள்: "நைனா எப்படிக் கீறாரு?"

நைனா எப்படி இருந்தார்? அந்த எஞ்சினை வேற ஆள் தொடக்கூடாது என்றார். இறுகிப்போனது எண்ணெய் ஊற்றி இரண்டு நாளில் தானாக விட்டுக்கொண்டது. அன்றிலிருந்து இருபத்து மூன்று வருஷம் அதை ஒழுகலோடேயே ஓட்டினார். செங்கல்பட்டில் எத்தனை மெக்கானிக்குகள் காலில் விழாத குறையாகக் கேட்டார்கள்! "தொட்டவன் முடிக்கட்டும்" என்பார். வண்டி நிற்கிற இடத்தில் ஒரு பழைய தகரத் தட்டை வைத்தார். தினமும் காலையில் அதில் தேங்கிய எண்ணெயைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார். பைத்தியக்காரத்தனம் என்று நான் கத்தியிருக்கிறேன். அம்மா இறந்தபோது கண்ணகி வந்தாள். யாரும் தடுக்கவில்லை. பெஞ்சமின் தெருமுனைப் புளியமரத்தடியில் சாயங்காலம் வரைக்கும் நின்றான். வா என்றும் நைனா சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு முன் முட்டி தாங்காமல் வண்டியை ஓரங்கட்டினார். அது மாட்டுக்கொட்டகையில் தூசி தின்றுகொண்டு நின்றது.

போன வருஷம் சிநேகாவுக்கு ஜோயல் என்று ஒரு பையனைப் பேசி முடித்தார்கள். பூஞ்சேரி பக்கத்துச் சர்ச்சில் கல்யாணம். கண்ணகி ஒரே பிடிவாதமாக நின்றாள். "இத்தினி வருஷம் நான் ஒண்ணும் கேட்டதில்ல. என் பொண்ணு கல்யாணத்துக்கு என் நைனா வரணும். அவர் வரலன்னா நான் சர்ச்சு வாசப்படி ஏறமாட்டேன்." பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

கண்ணகி, பெஞ்சமின், நான், மூன்று பேரும் நைனாவிடம் போனோம். எங்கள் பக்கத்தில் பத்திரிகையைத் தபாலில் போட்டால் மரியாதை இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து நேரில் நீட்டவேண்டும். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கினால்தான் அழைத்ததாகக் கணக்கு. கண்ணகி தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். நைனா கட்டிலில் உட்கார்ந்தபடி தட்டைப் பார்த்தார், எடுக்கவில்லை. எண்பத்து ரெண்டு வயசிலும் அந்த வீம்பு குறையவில்லை.

"உன் வூட்டுக்காரன் எங்கிட்ட ஒரு வேல பாக்கி வச்சிகீறான்" என்றார். "அத்த முடிக்கச் சொல்லு. அந்த வண்டியிலதான் வருவேன். வழில ஒரு சொட்டு, ஒண்ணே ஒண்ணு கீழ வுழுந்துச்சின்னா, அங்கியே எறங்கி பஸ் புடிச்சி வூட்டுக்கு வந்துடுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டையே தூக்கி எறிந்திருப்பேன். ஐம்பது வருஷத்துப் புல்லட் ஒழுகாமல் முப்பது கிலோமீட்டர் போகுமா? "இது இன்னா நைனா அநியாயம்?" என்று கத்தினேன். பெஞ்சமின் என் கையைப் பிடித்தான். "வுடு மச்சான். அவரு கேக்கறது நாயம்தான். வேல என்னுதுதானே." அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. முப்பத்து மூன்று வருஷத்தில் நைனா அவன் முன்னால் அவனைப் பற்றிப் பேசியதே அன்றைக்குத்தான்.

மறுநாள் டாட்டா ஏஸில் வண்டியை ஏற்றிக்கொண்டு பூஞ்சேரிக்குப் போனேன். வாங்காத பத்திரிகையும் மஞ்சள் தடவியபடியே என் சட்டைப் பையில் இருந்தது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். பெஞ்சமின் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டான். மண்ணெண்ணெயில் கழுவக் கழுவ, கறுப்புக் களிம்புக்கு அடியிலிருந்து நைனாவின் வண்டி வெளியே வந்தது. டேங்க்கில் நான் சின்ன வயசில் ஆணியால் கீறிய கோடு அப்படியே இருந்தது. அதற்கு நான் வாங்கிய அடியும் ஞாபகம் வந்தது. கண்ணகி வந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, "நான்தான் போட்டுக்குடுத்தேன்" என்று சிரித்தாள். 

கார்பரேட்டரின் உள்ளே பிசின் பாறையாகியிருந்தது. வாழைநார் எட்டு இழை செலவானது. அது முடிந்து, மூன்றாம் நாள் வலது பக்க மூடியைத் திறந்தான். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எண்ணெய் கசியாமலிருக்க ஓர் அட்டை வைப்பார்கள், அதற்குப் பேர் பேக்கிங். மூடியின் ஓரத்துக்கு ஏற்றபடி வளையமாக வெட்டிய மெல்லிய அட்டை. பெஞ்சமின் பழைய பேக்கிங்கைப் பிளேடால் உரித்து எடுத்துத் துணியில் துடைத்தான். துடைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா?" என்றேன். நீட்டினான். எண்ணெயில் ஊறிப் பழுப்பேறிய அந்த அட்டையில், போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் அகலமான இடத்தில் எழுத்து தெரிந்தது. சிவப்பு மையில், "செல்வி கண்ண". அந்தப் பத்திரிகைக்கு பிரஸ்ஸில் உட்கார்ந்து பிழை பார்த்தவனே நான்தான். எனக்கு அடையாளம் தெரியாதா?

"அடப்பாவி! நைனா குடுத்த பத்திரிகயையா வெட்டி வச்ச?"

"ஆமா மச்சான்" என்றான். "பேக்கிங் ஷீட்டு அன்னிக்கும் கடையில இருந்துச்சி. நல்ல ஷீட்டு. ஆனா கல்யாணத்துக்கு வந்துடுன்னு சொல்லி அவரு கையில குடுத்தாரு பாரு, எனக்கு மண்ட காஞ்சிடுச்சி. கோவத்துல அதையே வெட்டி வச்சி பூட்டிட்டேன். வழவழ அட்ட அது. எண்ணெய நிறுத்தாதுன்னு கைக்குத் தெரியும், மனசு கேக்கல. வாழ்க்கையில நான் தெரிஞ்சே செஞ்ச கெட்ட வேல அது ஒண்ணுதான்."

 இதற்குத்தானா இருபத்து மூன்று வருஷம் தட்டு தட்டாக எண்ணெய் சொட்டியது? அவன் கையைத் துடைத்துக்கொண்டு என் சட்டைப் பையைப் பார்த்தான். "அந்தப் பத்திரிகய குடு."

"எதுக்கு?"

"குடு மச்சான்."

சிநேகாவின் பத்திரிகையை வாங்கி விரலால் நீவிப் பார்த்தான். சொரசொரப்பான கெட்டி அட்டை. வழவழ அட்டை வேண்டாம் என்று பிரஸ்ஸில் அவன் சண்டை போட்டதைக் கண்ணகி சொல்லியிருக்கிறாள். அதை எஞ்சின் ஓரத்தின் மேல் பரப்பி, சின்னச் சுத்தியலால் விளிம்பில் டொக் டொக்கென்று மெல்லத் தட்டிக்கொண்டே போனான். விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே அட்டை வெட்டுப்பட்டு உதிர்ந்தது.

"மஞ்ச தடவின பத்திரிகய வெட்டறியே, நல்லதுக்கா?" என்று எகிறினேன்.

"அவரு வாங்கல. அவரு வண்டியாவது வாங்கட்டும்" என்றான். ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து, மறுநாள் காலையில் ஜெபம் பண்ணிவிட்டுப் பூட்டினான். போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் எதிரும் புதிருமாக, கால் கால் சுற்றாக இறுக்கினான். கிக்கரை மெல்ல மிதித்து, ஹேண்டில் பக்கத்து ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் உதைத்தான். பதினேழாவது உதையில் வண்டி இருமியது. பதினெட்டில் பிடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருகத் திருக, எனக்கே தெரிந்தது. அதே சத்தம், அம்மா தோசைக்கல் போடுகிற சத்தம். வீட்டுக்குள்ளிருந்து கண்ணகி ஓடிவந்தவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மூன்று நாள் அடியில் பேப்பர் விரித்து வைத்துப் பார்த்தோம். ஒரு புள்ளி இல்லை. பவுடரும் தூவிப் பார்த்தான். வெள்ளையாகவே இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் நைனா கரைவேட்டி கட்டி, தோளில் துண்டோடு வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். "பத்திரிக வாங்காத கல்யாணத்துக்கு எப்படிடா போறது?" என்றார். பேச்சைப் பாருங்கள், வாங்காதது யார்?

"வாங்கிட்ட நைனா. வண்டிக்குள்ள கீது" என்று விஷயத்தைச் சொன்னேன். பேப்பரில் மடித்து வைத்திருந்த பழைய பேக்கிங்கையும் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "கோவக்காரன்" என்று மட்டும் சொல்லி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் குனிந்து வலது பக்க மூடியை உள்ளங்கையால் தடவினார்.

நான் ஓட்ட, அவர் பின்னால். என் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையில் பழைய பேப்பர் கட்டு. செங்கல்பட்டில் நிறுத்தச் சொன்னார். பேப்பரை எஞ்சினுக்கு அடியில் விரித்து ஐந்து நிமிஷம் நின்றார். ஒன்றும் விழவில்லை. திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தச் சொன்னார். அதே இடத்தில் இன்னமும் பூக்கடை இருந்தது, ஆள் வேறு. பேப்பர் சுத்தமாக இருந்தது. ஐந்து முழம் மல்லி வாங்கிக்கொண்டு ஏறினார்.  கர்த்தரோ முருகனோ, யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

பத்து மணிக்கு சர்ச் வாசல். கண்ணகி படிக்குக் கீழேயே நின்றாள், சொன்னபடி ஏறாமல். நான் வண்டியை நிறுத்தினேன். நைனா மெல்ல இறங்கினார். வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாக பெஞ்சமின் தூரத்திலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தான். அவன் கண் மாமனார் மேல் இல்லை, எஞ்சினுக்கு அடியிலேயே இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். எஞ்சினின் அடிப்பாகத்தில் கடுகளவுக்கு ஒன்று கறுப்பாகத் திரண்டது. பெருசாகித் தொங்கியது. என் கண் முன்னாலேயே மணலில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நிமிர்ந்தேன். நைனாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். செருப்புக் காலை அந்தச் சொட்டின் மேல் வைத்து, மண்ணை இழுத்து மூடி, ஒரு தேய்ப்பு. இன்னொரு தேய்ப்பு.

அந்தக் கால் அப்படித் தேய்ப்பதை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். ஷெட் வாசலில். பூக்கடை முன்னால். ரோடு பிரிகிற ஒவ்வொரு இடத்திலும். ஐயோ, கோபத்தில் தேய்க்கிறார் என்றல்லவா முப்பத்து மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்! என் தங்கையிடமே எத்தனை தரம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பின்னால் பெரியப்பா மகன்கள் டார்ச்சோடு வருவார்கள் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவர்கள் கண்ணைக் கட்டியது யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பெஞ்சமின் மூச்சிரைக்க வந்து குனிந்து பார்த்தான். சுத்தமான மணல்.

"ஒழுவல" என்றார் நைனா. "வேல முடிஞ்சிது."

பெஞ்சமின் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கண்ணகி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நைனா மல்லிப் பூவை அவள் கையில் திணித்துவிட்டு, தன் மாப்பிள்ளை பெஞ்சமினை எழுப்பி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். பாதியில் நின்று திரும்பி என்னைப் பார்த்து உறுமினார்:

"இன்னாடா மரம் மாதிரி நின்னுகினு கீற? வண்டிய அங்கேர்ந்து நவுத்தாத. உள்ள வா."